பம்பின் வாய் காற்றைக் காணக் கூடாது

வாகனப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்ரோல் டேங்க் பற்றியவை. ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) கொண்ட பழைய ஜிப்சி ஜீப் ஒன்றை ஆஃப் ரோடு பந்தயங்களுக்கென்றே தயார் செய்து வருகிறோம். வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. லாரியில் ஏற்றித்தான் பந்தயத் திடலுக்குக் கொண்டு போகிறோம். அடியில் இருந்த டேங்க் பாறையில் இரண்டு முறை அடிபட்டதால், பின்பக்கம் ஏறத்தாழ 48 லிட்டர் கொள்ளும் புது டேங்க் ஒன்றைத் தகரத்தில் செய்து வைத்தோம். அதன் நீளம் 60 செ.மீ., அகலம் 40, உயரம் 20. பெட்ரோல் எடுக்கும் குழாய் முன்பக்க அடியிலும், பம்ப் வெளியே வண்டியின் சேசிஸ் சட்டத்திலும் உள்ளன. சமதளத்தில் எந்தக் குறையும் இல்லை. கால் டேங்க் பெட்ரோலோடு மேட்டில் ஏறினால் மட்டும் இன்ஜின் இருமிக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தால் சரியாகிவிடும் என்று டிங்கர் சொல்கிறார். சரியாகுமா? (வாசகர், ஹலசூரு)

பதில்: தடுப்புத் தகடு தேவைதான், ஆனால் உங்கள் குறையை அது தீர்க்காது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன்.

கால் டேங்க் என்றால் 12 லிட்டர். சமதளத்தில் அது உங்கள் டேங்கின் அடியில் 5 செ.மீ. ஆழத்துக்குப் பரவி நிற்கும். வண்டி 30 டிகிரி மேட்டில் ஏறும்போது பெட்ரோலின் மேல்மட்டம் பூமிக்குச் சமமாகவே நிற்கும், டேங்க்தான் சாயும். அப்போது அந்த 12 லிட்டரும் பின் மூலையில் ஒரு முக்கோணமாக ஒதுங்கும். அந்த முக்கோணம் பின் சுவரிலிருந்து 32 செ.மீ. தூரம் வரைதான் வரும். முன்பக்கத்து 28 செ.மீ. முழுவதும் காய்ந்துபோய்க் கிடக்கும். உங்கள் குழாயின் வாய் இருப்பது அந்தக் காய்ந்த பக்கத்தில். எனவே ஏற்றம் தொடங்கிய சில நொடிகளிலேயே பம்ப் காற்றை இழுக்கிறது.

தடுப்புத் தகடு பெட்ரோலின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துமே தவிர, ஒரேயடியாக நிறுத்தாது. வளைவில் திரும்பும்போதோ திடீரென்று பிரேக் போடும்போதோ பெட்ரோல் இரண்டு மூன்று நொடிகள்தான் ஒரு பக்கம் பாயும். அந்த நேரத்தைத் தகடு கடத்திவிடும். மேடு அப்படியல்ல. ஒரு நிமிடம் ஏறினால் ஒரு நிமிடமும் சாய்வுதான். தகட்டின் துளைகள் வழியாகப் பெட்ரோல் மெதுவாக வடிந்து, கடைசியில் அதே பின் மூலைக்குத்தான் போய்ச் சேரும்.

கார்புரேட்டர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். கார்புரேட்டரில் மிதவை அறை என்று ஒன்று உண்டு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் சில நொடிகள் தடைபட்டாலும் அந்த அறையில் தேங்கியிருப்பது இன்ஜினைக் காப்பாற்றும். இடையில் நுழைந்த காற்றும் அங்கேயே பிரிந்து வெளியே போய்விடும். இஞ்செக்ஷனில் அப்படி ஓர் இடைத்தங்கல் கிடையாது. உங்கள் வண்டி வகையில் பெட்ரோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. கார் டயரில் நாம் நிரப்பும் காற்றின் அழுத்தத்தைவிட அது அதிகம். அந்தக் குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால், இஞ்செக்டர் தன் கணக்குப்படி திறந்து மூடினாலும் உள்ளே போகும் பெட்ரோல் குறைந்துவிடும், அழுத்தமும் விழுந்துவிடும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது பம்ப்தான். அதற்குக் குளிர்ச்சியும் மசகும் அதன் ஊடாக ஓடும் பெட்ரோலே தருகிறது. காற்றை இழுத்துக்கொண்டு ஓடும் ஒவ்வொரு நொடியும் அது உலர்ந்து தேய்கிறது. இன்ஜின் இருமியது உங்கள் காதில் விழுந்தது, பம்ப் தேய்ந்தது விழவில்லை. எனவே இஞ்செக்ஷன் வண்டிக்கு டேங்க் செய்கிறவர் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதற்கு முன்னால், பம்பின் வாய் எந்தச் சாய்விலும் பெட்ரோலுக்குள் மூழ்கி இருக்குமா என்றுதான் கேட்க வேண்டும்.

தீர்வு இரண்டு படிகளில் இருக்கிறது. முதலாவது வடிவம். அதே 48 லிட்டரை நீளம் 40, அகலம் 40, உயரம் 30 என்று செய்து, குழாயின் வாயை அடித்தகட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள். கால் டேங்கில் அதே 30 டிகிரி மேட்டில் அந்த இடத்தில் பெட்ரோலின் ஆழம் 7 செ.மீ. இருக்கும். உங்கள் 60 செ.மீ. டேங்கில் வாயை நடுவுக்கு மாற்றினாலும் ஆழம் 1 செ.மீ. சொச்சம்தான் தேறும். டேங்கின் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உயரம் கூடுவதால் எடை சற்று மேலே ஏறும் என்பது உண்மை. ஆஃப் ரோடு வண்டியில் அதை நான் ஏற்றுக்கொள்வேன். நடுவில் 15 செ.மீ. சதுரத்தில் 5 செ.மீ. ஆழக் குழி ஒன்றை அடியில் சேர்த்தால், கடைசி ஒரு லிட்டரும் வாயைச் சுற்றியே நிற்கும். குழிக்குக் கீழே ஒரு கவசத் தகடு அவசியம். பாறையிலிருந்து தப்பிக்கத்தானே டேங்கையே மேலே கொண்டுவந்தீர்கள்?

இரண்டாவது, டேங்குக்கும் உயர் அழுத்தப் பம்புக்கும் நடுவே ஒன்றரை லிட்டர் கொள்ளும் சிறு சேமிப்புக் குவளை. குவளை உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கட்டும். டேங்கிலிருந்து ஒரு குறைந்த அழுத்தப் பம்ப் குவளையை ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்கும். குவளையின் அடியிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் எடுக்கும். நிரம்பி வழிவதும் உள்ளே வந்த காற்றும் குவளையின் உச்சியிலுள்ள குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும்.

இதில் பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. இன்ஜின் எரித்தது போக மிச்சப் பெட்ரோல் திரும்பி வரும் குழாயை டேங்கில் விடுகிறார்கள். அதைக் குவளையில்தான் விட வேண்டும். மணிக்கு 100 லிட்டர் தள்ளும் பம்ப் நொடிக்கு 28 மில்லி எடுக்கிறது. திரும்புவது டேங்குக்குப் போனால் ஒன்றரை லிட்டர் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் 80 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் எரிப்பதே மணிக்கு 25 லிட்டர் அளவுக்குத்தான், அதாவது நொடிக்கு 7 மில்லி. மீதி திரும்பிக் குவளைக்கே வந்தால் அதே ஒன்றரை லிட்டர் மூன்று நிமிடங்களுக்கு மேல் தாங்கும். குவளையும் பம்பும் அதேதான், ஒரு ஹோஸை எங்கே மாட்டுகிறோம் என்பதில் மட்டும் இவ்வளவு வேறுபாடு வருகிறது. திரும்பும் குழாயின் முனை பெட்ரோலுக்குள் மூழ்கியும் இருக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைக்கும். அந்த நுரையை இழுப்பதும் காற்றை இழுப்பதும் ஒன்றே.

வெளியே வைக்கும் உயர் அழுத்தப் பம்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. அதைக் குவளையின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். குவளைக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸ் குட்டையாகவும் அகலமாகவும், 12 மி.மீ. உள்விட்டத்துக்குக் குறையாமலும் இருக்கட்டும். பம்புக்கு முன்னால் வைப்பது 100 மைக்ரான் அளவிலான முரட்டு வடிகட்டியாக இருக்க வேண்டும். 10 மைக்ரான் நுண்வடிகட்டி பம்புக்குப் பின்னால், அழுத்தம் உள்ள பக்கத்தில் வர வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் பம்ப் மூச்சுத்திணறும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டுக் கார். டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புதிதாகச் செய்யும்போதே ஊருக்குப் போக வசதியாகப் பெரிதாகச் செய்து டிக்கியில் வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: வேண்டாம். உங்கள் கார் சாலையில் ஓடுவது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் முதலில் நசுங்கும் பகுதி டிக்கிதான். நசுங்குவதற்கென்றே விடப்பட்ட அந்த இடத்தில் பெட்ரோலை வைப்பது குடும்பத்தோடு போகிற காருக்கு ஆகாது.

அதே மாடலுக்கான நல்ல டேங்க் ஒன்று கலாசிபாளையத்திலோ ஜே.சி. ரோட்டிலோ கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய டேங்கின் அதே அளவில், அதே இடத்தில், அதே பட்டைகளில் உட்காரும்படி புதிதாகச் செய்துகொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் பீன்யாவில் தகட்டு வேலை செய்கிறேன். அலுமினியமா, எஸ்.எஸ். என்கிற எவர்சில்வரா, சாதாரண இரும்பா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்? (வாசகர், பீன்யா)

பதில்: 304 ரக எஸ்.எஸ். தகடு, 1.5 மி.மீ. இந்த ஊருக்கு என் பரிந்துரை இதுதான்.

சாதாரண இரும்பில் வேலை எளிது, பற்றவைப்பும் உறுதியாக இருக்கும். ஆனால் இப்போது பெட்ரோல் பங்கில் நாம் வாங்கும் பெட்ரோல் பழைய பெட்ரோல் அல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் நம் பெங்களூருவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பந்தய வண்டிகள் வாரக்கணக்கில் அரை டேங்கோடு நிற்பவை, அவற்றின் இரும்பு டேங்க் அடியிலிருந்து துருப்பிடிக்கும். அந்தத் துருத்தூள் இஞ்செக்டரின் நுண்துளைக்கு எமன். துத்தநாகம் பூசிய தகட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சை அரிக்கும், பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை உங்கள் நுரையீரலுக்கும் கேடு.

அலுமினியம் எடை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் 40க்கு 40க்கு 30 டேங்கை 3 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் வெளிச்சுவர் மட்டும் ஆறரை கிலோ வரும், 1.5 மி.மீ. எஸ்.எஸ்.ஸில் ஒன்பதரை. இந்த மூன்று கிலோவுக்காக நான் அலுமினியத்தைத் தேடிப் போக மாட்டேன். ஓயாத அதிர்வில் அலுமினியம் பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். செய்தே ஆக வேண்டுமென்றால் 5052 ரகத் தகட்டை ரகச் சான்றோடு வாங்குங்கள். பெயர் தெரியாத துண்டுத் தகட்டில் டேங்க் செய்யக் கூடாது.

எஸ்.எஸ்.ஸுக்கு நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. ஓட்டல் சமையலறைக்கும் பால் பண்ணைக்கும் தொட்டிகள் செய்யும் பட்டறைகளில் மெல்லிய எஸ்.எஸ். தகட்டை ஆர்கான் வெல்டிங்கில் இழை பிசகாமல் பற்றவைக்கும் கைகள் இருக்கின்றன. அவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: பற்றவைக்கும்போது டேங்கின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை ஓட விட வேண்டும். விடாவிட்டால் பற்றவைத்த தையலின் உட்பக்கம் வெந்து, கருகிய சர்க்கரை போலப் பொரிந்து நிற்கும். அந்தப் பொருக்கு பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து வடிகட்டிக்கு வரும்.

மூலைகளைப் பற்றவைத்துச் சேர்ப்பதைவிட மடித்துச் செய்யுங்கள். அடியும் முன்பின் சுவர்களும் ஒரே தகட்டில் மடிந்து வரட்டும். பக்கத் தகடுகளின் விளிம்பை 15 மி.மீ. மடக்கி உள்ளே செருகி, அந்த விளிம்பில் பற்றவையுங்கள். மடிப்பின் முனையில் விழும் தையலைவிடத் தட்டையான பரப்பில் விழும் தையல் நெடுநாள் உழைக்கும். தகட்டை வெட்டுவதற்கு முன்னால் கெட்டி அட்டையில் முழு அளவு மாதிரி ஒன்று செய்து, வண்டியில் வைத்துப் பாருங்கள். நம் பட்டறைகளில் ஒருவர் தமிழும் ஒருவர் கன்னடமும் ஒருவர் உருதுவும் பேசுவார். அட்டை மாதிரியைக் கையில் கொடுத்துவிட்டால் மூவருக்கும் ஒரே பொருள்தான்.

தடுப்புத் தகடுகளை மூடி போடுவதற்கு முன்பே உள்ளே பற்றவைத்துவிட வேண்டும். ஒவ்வொரு தகட்டின் கீழ் மூலைகளிலும் 20 மி.மீ. வெட்டி விடுங்கள், பெட்ரோல் குழிக்கு வந்து சேர வேண்டும். மேலே ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள், காற்று நகர வேண்டும். டேங்கைக் கழுத்து வரை நிரப்பவும் இடம் தரக் கூடாது. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலையில் 20 டிகிரியில் நிரப்பிய 45 லிட்டர் மதியம் 40 டிகிரிக்குச் சூடானால் ஒரு லிட்டர் அளவுக்குக் கூடிவிடும். நிரப்பும் குழாயின் அடிமுனையை டேங்கின் உச்சிக்குக் கீழே 2 செ.மீ. இறக்கி வைத்தால், மேலே அந்த இடம் தானாகவே காலியாக நிற்கும்.

கேள்வி: பழைய டேங்கை நன்றாகக் கழுவிவிட்டு ஓட்டையைப் பற்றவைக்கலாம் என்கிறார்கள். எத்தனை முறை கழுவினால் போதும்? (வாசகர், ராமமூர்த்தி நகர்)

பதில்: எத்தனை முறை கழுவினாலும் போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்த டேங்க் அது. மூக்கை வைத்து முகர்ந்தால் சோப்பு வாசனைதான் வந்தது. மூத்த மேஸ்திரி டார்ச்சைப் பற்றவைத்து ஓரத்தில் காட்டிய இரண்டாவது நொடியில், அரிசி மூட்டை மாடியிலிருந்து விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. டேங்கின் மேல்தகடு மடிப்பிலிருந்து பிரிந்து, வாழை இலை சுருண்டது போலப் பின்னோக்கிச் சுருண்டு நின்றது. மேஸ்திரி பக்கவாட்டில் நின்றிருந்ததால் புருவமும் முன்கை மயிரும் கருகியதோடு தப்பினார். தகட்டின் மடிப்பை நான் பிறகு விரலால் தொட்டுப் பார்த்தபோது அதற்குள் இன்னும் ஈரம் இருந்தது.

அந்த ஈரம்தான் காரணம். ஆலையில் செய்த டேங்குகளின் விளிம்பு இரட்டையாக மடித்து அழுத்தப்பட்டது. அந்த மடிப்புக்குள் புகுந்த பெட்ரோலை எந்தச் சோப்பும் எட்டாது. சூடு பட்டதும் அது ஆவியாகி வெளியே வரும். காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீதத்தைத் தொட்டாலே தீப்பிடிக்கும். 45 லிட்டர் டேங்கில் அந்த அளவை எட்ட ஒரு தேக்கரண்டி பெட்ரோலே அதிகம். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறவர்கள் உண்டு. வெறும் டேங்க்தான் வெடிக்கும்.

எனவே பழைய டேங்கைப் பற்றவைக்கும் எண்ணத்தை விடுங்கள், அடிமாட்டு விலைக்குச் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பெட்ரோலையே பார்த்திராத புதுத் தகட்டில் புது டேங்க் செய்வதே பாதுகாப்பு. அதே காரணத்துக்காக, புது டேங்கின் எல்லாப் பற்றவைப்பையும் கசிவுச் சோதனையையும் முதல் சொட்டுப் பெட்ரோலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

கேள்வி: செய்த டேங்கில் கசிவு இருக்கிறதா என்று கம்ப்ரெசர் காற்றால் சோதித்தேன். கசிவு இல்லை, ஆனால் டேங்க் பலூன் போல உப்பிவிட்டது. எங்கே தவறு? (வாசகர், கே.ஆர்.புரம்)

பதில்: காற்றால் சோதித்ததுதான் தவறு. டேங்க் கிழியாமல் உப்பியதோடு நின்றது உங்கள் நல்ல நேரம்.

சிறிய அழுத்தம்தானே என்று நினைக்கத் தோன்றும். 40 செ.மீ. சதுரத் தகட்டின் மேல் வெறும் 0.3 பார் அழுத்தம் கொடுத்தால், அது தகட்டைத் தள்ளும் விசை ஏறக்குறைய 490 கிலோ எடைக்குச் சமம். தட்டையான தகடு அதற்கு வளையத்தான் செய்யும். அழுத்திய காற்று ஒரு சுருள்வில்லைப் போன்றது. தையல் பிரிந்தால் உள்ளே அடைபட்ட வேகம் முழுவதும் தகட்டோடு வெளியே பாயும். தண்ணீர் அப்படியல்ல, ஒரு சொட்டு கசிந்ததுமே அழுத்தம் விழுந்துவிடும்.

ஆகவே தண்ணீரால் சோதியுங்கள். டேங்கின் எல்லா வாய்களையும் அடைத்து, உச்சியிலுள்ள ஒரு வாயில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸை மாட்டுங்கள். உள்ளே காற்றே இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, ஹோஸின் மறுமுனையை மாடிப்படியில் ஏற்றி, தண்ணீர் மட்டம் டேங்கின் உச்சியிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் நிற்கும்படி பிடியுங்கள். 3 மீட்டர் தண்ணீர் என்பது 0.3 பார். ஐக்கிய நாடுகளின் 34ஆம் வாகன விதிமுறை டேங்குக்குக் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தமும் அதுதான். ஒரு நிமிடம் தாங்க வேண்டும், தகடு வளைந்தாலும் கசியக் கூடாது என்பது அந்த விதி. தையல்களை முன்னதாகவே உலரத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையும் வெள்ளைப் பொடியில் கரும்புள்ளியாக ஈரம் காட்டும். நான் ஒரு நிமிடத்தோடு விடுவதில்லை, அரை மணி நேரம் அப்படியே நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். தகட்டில் குறுக்காக ஒரு வரி நெளிவு தட்டிவிட்டாலோ, தடுப்புத் தகடுகளை எதிரெதிர்ச் சுவர்களோடு சேர்த்துப் பற்றவைத்தாலோ உப்புவதும் பெருமளவு அடங்கும்.

கேள்வி: டேங்கை வண்டியின் தரையில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கினோம். ஆறு மாதத்தில் காதுப் பட்டையின் வேரில் விரிசல் கண்டது. தடித்த பட்டை போட்டால் போதுமா? கூடவே பெட்ரோல் வாசனையும் வருகிறது. (வாசகர், பனஸ்வாடி)

பதில்: பட்டையைத் தடிமனாக்கினால் விரிசல் அடுத்த முறை டேங்கின் சுவரில் விழும். டேங்கில் காது வைத்துப் பற்றவைப்பதையே நான் விரும்புவதில்லை. வண்டியின் உடல் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும், டேங்க் முறுக்காது. இரண்டையும் நேரடியாக இறுக்கினால் அந்த முறுக்கு முழுவதும் காதின் வேரில் இறங்கும். சட்டமும் மேலுடலும் தனித்தனியாக உள்ள ஜிப்சி போன்ற வண்டிகளில் பலர் டேங்கை உட்காரவைக்கும் தொட்டிலின் இரண்டு கால்களைச் சட்டத்திலும் இரண்டை மேலுடலிலும் பூட்டுகிறார்கள். அவை ஒன்றுக்கொன்று அசைபவை. நான்கு கால்களும் ஏதாவது ஒன்றில்தான் நிற்க வேண்டும்.

சரியான முறை தொட்டில்தான். 25 மி.மீ. எல் பட்டையில் டேங்கின் அடியளவுக்கு ஒரு சட்டம் கட்டி, அதில் டேங்கை உட்காரவைத்து, மேலே இரண்டு எஸ்.எஸ். பட்டைகளைச் சுற்றி இறுக்குங்கள். டேங்க் உலோகத்தைத் தொடும் எல்லா இடங்களிலும் 3 மி.மீ. ரப்பர் வேண்டும். கம்பளித் துணியோ ஸ்பாஞ்சோ வைக்க வேண்டாம், அவை ஈரத்தைப் பிடித்துவைத்து அரிப்புக்கு வழிவிடும்.

எடையையும் கணக்கிடுங்கள். 45 லிட்டர் பெட்ரோல் 33 கிலோ, டேங்க் ஒரு 12 கிலோ, மொத்தம் 45. மோதலில் அந்த எடை இருபது மடங்காகத் தள்ளினால் 900 கிலோ. நான்கு 10 மி.மீ. உயர்ரக போல்ட்டுகள் அதைச் சிரமமின்றித் தாங்கும். தாங்காதது போல்ட் துளையைச் சுற்றியுள்ள தரைத் தகடு. அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. போல்ட் தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைக்கு அடியில் 75 மி.மீ. சதுரத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள தகடு ஒன்றை வைத்துத்தான் முடுக்க வேண்டும்.

வாசனைக்கு வருகிறேன். முதலில் மூச்சுக்குழாயைப் பாருங்கள். டேங்குக்குள் காற்று போக ஒரு வழி இல்லாவிட்டால், பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் கூடி, டேங்க் உள்நோக்கிக் குழியும், பம்பும் திணறும். வழி இருந்து, அது பயணிகள் இருக்கும் இடத்தில் திறந்தால் வாசனை வரும். டேங்கின் உச்சியிலிருந்து மூச்சுக்குழாயை எடுத்து, டேங்கைவிட உயரமாக ஒரு வளைவு கொடுத்து, வண்டிக்கு வெளியே புகைபோக்கிக் குழாயிலிருந்து விலகிய இடத்தில் கீழே விடுங்கள். வண்டி கவிழ்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் குண்டு வால்வு ஒன்று அதில் கட்டாயம் இருக்க வேண்டும். டேங்குக்கும் ஓட்டுநருக்கும் நடுவே முழுச் சுவராக ஓர் உலோகத் தடுப்பும் வேண்டும். ஒட்டுப்பலகையும் ரெக்சினும் தடுப்பாகாது.

அடுத்தது ஹோஸ். கடையில் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கார்புரேட்டர் காலத்து ரகத்தைத்தான் வெட்டித் தருவார்கள். அதன் மேல் எஸ்.ஏ.இ. 30 ஆர் 7 என்று அச்சிட்டிருக்கும். இஞ்செக்ஷன் அழுத்தத்துக்கு 30 ஆர் 9 என்று அச்சிட்டது வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு இந்த இரண்டுமே ஆகாது, 30 ஆர் 10 தான் வேண்டும். மற்றவை வெளிப்பக்கத்திலிருந்து ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும். கிளாம்பும் விளிம்பு மழுங்கிய இஞ்செக்ஷன் ரகமாக இருக்கட்டும், சாதாரணக் கிளாம்பின் வரிப்பற்கள் ரப்பரை அறுக்கும். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை அளவியின் அடியிலுள்ள கார்க் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் கேஸ்கெட் போடுங்கள். வாசனைக்குப் பல நேரம் அதுவே காரணமாக இருக்கும்.

கேள்வி: புது டேங்க், புது பம்ப். ஆனாலும் பம்பில் அழுத்தம் குறைவாகக் காட்டுகிறது. பம்ப் போலியாக இருக்குமோ? (வாசகர், ஹென்னூர்)

பதில்: இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பம்பின் இரு முனைகளிலும் இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் அளந்து பாருங்கள். பம்ப் 7 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மி.மீ. வயரில் 4 மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட அரை வோல்ட் தொலைந்துவிடும். எர்த் வயரும் அதேபோல இருந்தால் இன்னோர் அரை. 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே குறையும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேராக ஒரு ரிலேக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வந்து, அங்கிருந்து பம்புக்குப் போகட்டும். ரிலேயை இஞ்செக்ஷன் கம்ப்யூட்டரே இயக்க வேண்டும். இன்ஜின் நின்றால் ஓரிரு நொடிகளில் பம்பையும் நிறுத்துவது அதுதான், சாவியிலிருந்து நேரடியாக இணைத்தால் மோதலுக்குப் பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். டேங்க் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் தனியாக ஓர் எர்த் வயர் எடுத்துச் சட்டத்தில் பூட்டுங்கள். பெட்ரோல் நிரப்பும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்க வழி வேண்டும்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் முன்வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். புது டேங்கில் அரைத்த தூளும் வெல்டிங் பொறிகளும் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும். முதல் முறை ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, வண்டியைத் தொடங்காமல், டேங்கை நன்றாகக் குலுக்கி, அடிக்குழியின் திருகாணியைத் திறந்து நான்காக மடித்த வேட்டித் துணியில் வடித்தெடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். துணியில் தூள் படிவது நிற்கும் வரை புதிதாக ஊற்றி வடித்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் மூன்றாவது முறை துணி வெள்ளையாக வரும். அதன் பிறகுதான் பம்புக்கு ஹோஸை மாட்ட வேண்டும்.